திறப்பு வீட்டில் இருக்கிறது, வாகனம் எங்கே?

கடையைப் பூட்டும்போது எமது வியாபாரிகள் காட்டும் கவனம் அலாதியானது. ஷட்டருக்கு இரண்டு பூட்டு, உள்ளே இரும்புக் கதவு. பூட்டை இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, திரும்பி வந்து மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே வீட்டுக்குப் புறப்படுவர். ஆனால் கடையிலுள்ள சரக்குக்குச் சமமான பெறுமதியுள்ள வாகனத்தை முற்றத்தில் நிறுத்திவிட்டு, அதன் திறப்பை வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிட்டு நிம்மதியாக உறங்கி விடுகிறோம். பழைய வாகனங்களுக்கு இது பரவாயில்லை. பட்டனை அழுத்தி இயக்கும் "புஷ் ஸ்டார்ட்" வாகனங்களுக்கு இந்தப் பழக்கம் ஆபத்தானது.

ஸ்மார்ட் கீ என்பது உண்மையில் ஒரு சின்னஞ்சிறு வானொலி. காரின் கைபிடியைத் தொட்டதும் கார் ஒன்றிரண்டு மீற்றர் தூரத்துக்கு மெல்லிய சமிக்ஞை ஒன்றை அனுப்பும். பக்கத்திலுள்ள திறப்பு அதனைக் கேட்டுப் பதில் சொல்லும். பதில் சரியென்றால் கதவு திறக்கும். அந்தத் திறப்பு உங்கள் பொக்கட்டில் இருக்கிறதா, சுவருக்கு அப்பால் ஆணியில் தொங்குகிறதா என்று பெரும்பாலான கார்களுக்குத் தெரியாது. பதில் வந்ததா என்பது மட்டுமே அவற்றின் கவலை.

திருடர்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஓட்டையைத்தான். ஒருவன் ஒரு கருவியுடன் காரருகில் நிற்பான். மற்றவன் இன்னொரு கருவியுடன் உங்கள் வாசலருகில் நிற்பான். காரின் சமிக்ஞையை இக்கருவிகள் வாசல் வரை கடத்திச் செல்ல, ஆணியில் தொங்கும் திறப்பு எஜமான்தான் காரருகில் நிற்கிறார் என எண்ணிப் பதில் கொடுத்துவிடும். கண்ணாடி உடைவதில்லை, அலாரம் அடிப்பதில்லை. ஒருமுறை இயங்கத் தொடங்கிய எஞ்சின் திறப்பு தூரமாகிவிட்டது என்பதற்காக நின்றுவிடாது. நடுவீதியில் நின்றால் விபத்து நேரும் என்பதால் எச்சரிக்கை மட்டும் செய்யும்படியே அது அமைக்கப்பட்டிருக்கிறது.

இது புதிய செய்தியுமல்ல. 2011ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 கம்பனிகளின் 10 மாதிரிக் கார்களை இம்முறையில் பரிசோதித்தனர். பத்தும் திறந்தன, பத்தும் இயங்கின. 2017 நவம்பரில் இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பொலிஸார் வெளியிட்ட கமரா காட்சியில், ஒரு வீட்டு முற்றத்திலிருந்த பென்ஸ் காரை இருவர் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கொண்டு சென்றதை உலகமே பார்த்தது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை" என்று சிலர் சொல்லக்கூடும். எமது வீதிகளில் ஓடும் பிரியஸ், அக்குவா, வெசல் வாகனங்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அந்த ஜப்பானிலேயே அதிகம் திருடுபோகும் வாகனங்களின் பட்டியலில் லேண்ட் குரூசரும் பிரியஸும் பல வருடங்களாக முன்னணியில் இருந்து வருகின்றன. அதேபோல், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனத்தின் விலை எங்கு போய் நின்றது என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. லீசிங்கில் எடுத்தவருக்கோ வாகனம் போனாலும் மாதாந்தத் தவணை போகாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்குத் திருட்டுக்கு ஒரு சதமும் கிடையாது.

பண நட்டத்தை விடவும் நான் பெரிதாகக் கருதும் விடயம் வேறொன்று. காலையில் சுபஹுக்கு எழும்பிப் பார்க்கிறீர்கள். கார் இல்லை. கேட் பூட்டு மட்டும் கழன்று கிடக்கிறது. நிலத்தில் கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை. திறப்பு ஆணியிலேயே இருக்கிறது. முதலில் யார் மீது சந்தேகம் வரும்? நேற்று வரை நம்பித் திறப்பைக் கொடுத்த சாரதி மீது, கடையில் நிற்கும் பையன் மீது. மாற்றுத் திறப்பு அடித்திருப்பான் என்று நாமே கதை கட்டி விடுவோம். பொலிஸ் நிலையத்தில் அவனது பெயரைச் சொல்லவும் தயங்க மாட்டோம். வாகனம் ஒருவேளை திரும்பக் கிடைக்கலாம். அந்த ஏழைப் பையனின் நற்பெயர் திரும்பக் கிடைக்குமா?

தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. மூடி இறுக்கமான தகர பிஸ்கட் டின் ஒன்றே பெரும்பாலும் போதும். இதற்கென்றே விற்கும் உலோக இழைப் பைகளும் உண்டு. எதை வாங்கினாலும் நம்பிவிடாமல் பரீட்சித்துப் பாருங்கள்: திறப்பை உள்ளே போட்டு மூடி, டின்னுடன் காரருகில் சென்று கைபிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்த டின் பிஸ்கட்டுக்குத்தான் ஆகும். அலுமாரியில் கிடக்கும் இரண்டாவது திறப்பையும் மறக்க வேண்டாம், அதுவும் பதில் சொல்லும். டொயோட்டாவின் பல ஸ்மார்ட் கீகளில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இருமுறை அழுத்தினால் சிறு விளக்கு நான்கு தடவை மின்னி, திறப்பு உறங்கிவிடும். பற்றரியைச் சேமிக்கவென வைத்த வசதி இது. காலையில் ஏதேனும் ஒரு பட்டனைத் தட்டினால் விழித்துக்கொள்ளும். வெளியிலிருந்தே காரின் வயர்களில் கருவியைப் பொருத்தித் திருடும் முறையும் ஜப்பானில் உண்டு. அதற்கு டின் உதவாது. ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டுத்தான் கைகொடுக்கும். பழைய பாணி என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

வாகன விற்பனையாளர்கள் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். கமரா, சென்சர், எரிபொருள் சிக்கனம் என்று அரைமணி நேரம் பேசுபவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பாவித்த வாகனம் வாங்கும்போது இரு திறப்புகளையும் கேட்டு வாங்குங்கள். திருட்டுக்கு நட்டஈடு கோரும்போது காப்புறுதிக் கம்பனிகள் இரண்டையும் கேட்பது வழமை. முன்னைய உரிமையாளரிடம் மூன்றாவது ஒன்று இருக்கவும் கூடும். கையிலுள்ளவை தவிர்ந்த ஏனைய திறப்புகளைக் காரின் நினைவகத்திலிருந்து அழித்துத் தருமாறு, காசு கொடுக்கும் முன்னரே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்.