பாட்டி வைத்தியமும் எங்கள் ஆயாவும்

பாட்டி வைத்தியம், பாட்டி வைத்தியம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எந்தப் பாட்டி என்று யாராவது கேட்டதுண்டா? கடலூர், சிதம்பரம் பக்கத்துச் சேரிகளில் நாங்கள் பாட்டி என்று கூப்பிடுவதில்லை. ஆயா என்போம். அந்தச் சொல்லோடு ஓர் ஆஸ்பத்திரிக்குள் போங்கள். ரத்தம் துடைப்பவள், பீத்துணி அலசுபவள்தான் அங்கே ஆயா. வைத்தியம் தெரிந்தவள் என்றால் பாட்டி, அசிங்கம் அள்ளுகிறவள் என்றால் ஆயா!

2012-ல் டெங்கு வந்தபோது அரசாங்கமே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர். அதிலிருந்து சாதி இந்து வீடுகளில் முன்னோர் பெருமை பொங்கி வழிகிறது. நான் வேலை பார்க்கும் வங்கியில் டீ நேரத்தில் கசாயத்துக்கு சுலோகம் சொல்கிறார்கள். "நம்ம முன்னோர் ஒண்ணும் முட்டாள் இல்ல சார்" என்கிறார்கள். சரி, முட்டாள் இல்லை. அந்த 'நம்ம' யார் சார்?

எங்கள் ஆயா பிள்ளைப்பேறு பார்த்தவள். சேரியில் மட்டுமல்ல, ஊர்த்தெருவிலும். நடுராத்திரியில் ஆள் வரும். கொல்லைப்புறமாகப் போவாள். பிள்ளையைக் கையில் வாங்கி, கொடி அறுத்து, நஞ்சைப் புதைத்து, விடியுமுன்னே கொல்லைப்புறமாகவே திரும்புவாள். கூலி ஒரு மரக்கால் நெல்லும் ஒரு பழம்புடவையும். அவள் கால் பட்ட இடத்தில் சாணி தெளித்துவிடுவார்கள். அவள் கையில் முதல் மூச்சு விட்ட பிள்ளை வளர்ந்து ஆளாகி அவளை "வாடி, போடி" என்றது. சொறிக்குக் குப்பைமேனி, சளிக்கு நொச்சி வேது, காமாலைக்குக் கீழாநெல்லி என்று வரப்போரத்தில் பறித்துப் பறித்துக் கொடுத்தவள் அவள். இன்று அதே கீழாநெல்லி பொடியாகி, டப்பாவில் அடைபட்டு, ரிஷி படம் ஒட்டி விற்பனைக்கு வருகிறது.

இது ஒரு ஆயாவின் கதை மட்டுமில்லை. தமிழ்நாட்டில் புண்ணைக் கீறிக் கட்டியவர்கள் அம்பட்டர்கள். பேறு பார்த்த மருத்துவச்சிகள் அவர்கள் வீட்டுப் பெண்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஏன் இந்த வேலை கீழே தள்ளப்பட்ட சாதிகளிடமே வந்து சேர்ந்தது? ரத்தம், சீழ், நஞ்சுக்கொடி எல்லாமே தீட்டு. மனுவைப் புரட்டிப் பாருங்கள். சிரார்த்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்களின் பட்டியலில் வைத்தியனும் இருக்கிறான். வைத்தியன் தரும் சோறு சீழுக்குச் சமம் என்றும் எழுதியிருக்கிறது. தர்மசாஸ்திரக்காரர்கள் வைத்தியத்தை இழிவாக வைத்ததைத் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977-ல் ஒரு புத்தகமாகவே எழுதிக் காட்டினார். தொட்டால் தீட்டு என்று தள்ளிவைத்த வேலையைத்தான் இன்று பாரம்பரியம் என்று தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். தூக்கி வைத்தது வேலையை மட்டும்தான்; வேலை செய்தவளை அல்ல.

சிதம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் பழைய பெயர் தில்லை. கோயிலின் தலமரம் தில்லை. மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கோபுரத்தை விட்டுக் கிழக்கே பிச்சாவரம் உப்பங்கழிக்குத்தான் போக வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும். எந்தக் கிளையை ஒதுக்க வேண்டும், எந்த வேரோரம் கைவிட்டு இறால் தடவ வேண்டும் என்று தெரிந்தவர்கள் கிள்ளைப் பக்கத்து இருளர்கள். மரத்தின் பெயர் கோயிலுக்கு. மரத்தோடு மாரடிப்பது இருளர்களுக்கு.

எழுதி வைக்கவில்லையே, எழுதாதது எப்படி அறிவாகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. முதலில் ஒன்று. எல்லாரும் எழுத்தில்லாதவர்களாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த வைத்தியர். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியவர். வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராயிருந்த தன் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் திருக்குறள் ஏடு எல்லிஸ் கைக்குப் போனது என்று அவரே எழுதியிருக்கிறார். தாம்பரம் தேசிய சித்த நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர். சித்த வைத்தியத்தை ஆஹா என்று புகழும் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்?

இரண்டாவதுதான் முக்கியம். எழுத்தைப் பறித்தவனே எழுத்து எங்கே என்று கேட்பது என்ன நியாயம்? புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. நல்ல காரியம். ஆனால் எதைக் காட்டி? பழைய சமஸ்கிருத ஏட்டையும் 1953-ல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டி. தலைமுறை தலைமுறையாக மஞ்சளை அரைத்து அப்பின கை அங்கே சாட்சி இல்லை.

நான் வங்கிக்காரன். காகிதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பட்டா, சிட்டா, அடங்கல் இல்லாதவன் முப்பது வருஷம் உழுத நிலமானாலும் அது அவன் நிலமில்லை. அறிவுக்கும் இப்போது அதே கதைதான். 2018-ல் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் ராம்தேவின் திவ்ய பார்மசிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: மூலிகை எடுக்கும் இந்தியக் கம்பெனியும் அங்குள்ள மக்களுக்குப் பங்கு தர வேண்டும். 2023-ல் பல்லுயிர்ச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். நூலேறிய மரபறிவைப் பயன்படுத்தினால் பங்கு தர வேண்டியதில்லை! எந்த நூல்? 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர் உள்ள நூல். ஏட்டில் இல்லாவிட்டால் உன் அறிவு அறிவே இல்லை. ஏட்டில் ஏறிவிட்டால் அது உன்னுடையது இல்லை. எந்தப் பக்கம் போட்டாலும் தாயம் அவர்களுக்கே விழுகிறது.

இது இங்கே மட்டும் நடப்பதில்லை. 1721-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை வந்தபோது அம்மைப்பாலைக் கீறி ஏற்றித் தடுக்கும் முறையைப் பாதிரி காட்டன் மாதர் ஊருக்குச் சொன்னார். அவருக்கு அதைச் சொன்னவர் அவர் வீட்டு அடிமையான ஓர் ஆப்பிரிக்கர். தன் மண்ணில் அது வழக்கம் என்று தன் தழும்பைக் காட்டிச் சொன்னவர். ஒனேசிமஸ் என்ற பெயர்கூட எசமான் பைபிளிலிருந்து எடுத்து வைத்தது. தாய் வைத்த பெயர் எங்கும் இல்லை.

பங்கு தர முடியாதா என்றால் முடியும். அகத்தியர் மலையில் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத் தாவரவியல் நிறுவனம் 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. 1995-ல் உரிமத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தபோது வந்த 10 லட்சத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் யாரிடமிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் ஆஸ்பத்திரி வேண்டாமா என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன். வேணும். ஆயாவுக்குக் கைப்பக்குவம் இருந்தது. உதிரம் நிற்காத பெண்ணுக்கு ஏற்ற ரத்தம் இருந்ததா? சேரிக்கு வண்டி வராததால் செத்தவர்களைப் பாரம்பரியத்தின் பேரில் மறக்க நாங்கள் தயாரில்லை. பாம்பு கடித்தால் பச்சிலை தேடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஆனால் அங்கே உன் நரம்பில் ஏறும் விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷம் அதற்கு முக்கியமான மூலம். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே இருளர் வீட்டுப் பிள்ளை சாதிச் சான்றிதழுக்கு இன்னும் எத்தனை நடை நடக்கிறது என்று போய்க் கேளுங்கள்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை. 2002 சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சேரியில், இருளர் குடியிருப்பில், அம்பட்டர் தெருவில் யார் பெயர் அதில் இருக்கிறது? இல்லையென்றால் கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள். சொன்னவள் பெயர், தெரு, அவள் சம்மதம் மூன்றும் எழுதப்படட்டும். சம்மதிக்காததை ஒரு வரியும் எழுத வேண்டாம். அதை விற்றுச் சம்பாதிக்கிறவன் பங்கு வைக்கட்டும்.

எங்கள் ஆயாவுக்குக் கும்பிடு போட வேண்டாம். கூலி பாக்கி இருக்கிறது, அதைக் கொடுங்கள்.