சாட்சி மேடையில் சொல்லப்படாதவை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் கோடை தொடங்கியதும் சுவரொட்டிகளின் நிறம் மாறும். திரைப்பட விளம்பரங்களுக்கும் காதணி விழா வாழ்த்துகளுக்கும் நடுவே நற்செய்திக் கூட்டங்களின் அறிவிப்புகள் முளைக்கும். பாடல், தேவசெய்தி, சுகமளிக்கும் ஜெபம் என்ற வரிசையில் தவறாமல் 'சாட்சிகள்' என்பதும் இருக்கும். எங்களில் இருவர் அந்தப் பக்கத்துக்காரர்கள். ஒருவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்து வளர்ந்தவர். ஆகவே, இனி எழுதப்போவதை வேலிக்கு வெளியே நின்று கல்லெறியும் வேலையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்மையில் அப்படியொரு கூட்டத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தோம். ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். ஐந்தும் ஒரே கதை. முதலில் குடி, கடன், நோய். பிறகு பேருந்து நிலையத்தில் யாரோ கையில் திணித்த கைப்பிரதி. ஓர் இரவு, கண்ணீர். மறுநாள் காலையில் எல்லாம் சரியாயிற்று. மகளுக்கு வரன் அமைந்தது, வறண்ட கிணறு ஊறியது. பெயர்களை இடம் மாற்றி வைத்தால் எது யாருடைய கதை என்று சொன்னவர்களே தடுமாறுவார்கள். ஒரு பெண்மணி மட்டும் இடையில் எதையோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டார். கணவர் இப்போதும் சில நாட்களில், என்று தொடங்கினார். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் 'அல்லேலூயா' என்று குரலெழுப்பினார், கூட்டமும் எழுப்பியது, அந்த வாக்கியம் முடியவில்லை.

முடியாமற்போன அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. மேடையேறியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களை முழு உண்மையையும் சொல்ல விடவில்லை என்பதே எங்கள் வழக்கு.

வழக்கு என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம். தமிழில் நீதிமன்றத்திலும் சாட்சி, தேவாலயத்திலும் சாட்சி. கூண்டில் ஏறுபவர் தாம் கண்டதைச் சொல்லக் கடமைப்பட்டவர். தீர்ப்பு பிறகு வரும். சாட்சி மேடையிலோ தீர்ப்பு முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதற்குப் பொருந்துகிற அளவுக்கு வாழ்க்கையைக் கத்தரித்துக் கொண்டுவர வேண்டியது சாட்சியின் பொறுப்பாகிறது.

இதற்குக் கிறிஸ்தவ மரபே காரணம் என்று நம் இலக்கிய நண்பர்கள் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடுவார்கள். அது அறியாமை. தன்வரலாற்றின் முன்னோடி என்று நாம் கொண்டாடும் அகஸ்தீனின் 'அறிக்கைகள்' 13 பகுதிகள் கொண்டது. மனமாற்றம் எட்டாம் பகுதியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. இன்றைய மேடையில் என்றால் அங்கேயே கைதட்டி முடித்திருப்பார்கள். அகஸ்தீன் நிறுத்தவில்லை. பத்தாம் பகுதியில், ஆயராகிவிட்ட பிறகும் தம்மை விடாத கனவுகளையும் நாவின் சபலத்தையும் புகழாசையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். கி.பி. 400ஐ ஒட்டிய காலத்தில் ஓர் ஆயருக்கு இருந்த துணிவு இன்று ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு ஏன் மறுக்கப்படுகிறது?

நம் மொழியிலேயே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இருக்கிறார். 1827இல் நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். பன்யனின் 'மோட்சப் பயண'க் கதையைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. அந்த மூலக் கதையின் அமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் விழுவது வழியின் தொடக்கத்திலேயே. சந்தேகக் கோட்டையின் சிறை அதற்குப் பின்னால் வருகிறது. கடைசி ஆற்றைக் கடக்கும்போதுகூட அவனுக்கு மூழ்கிவிடுவோமோ என்ற பயம் தீரவில்லை. சுமை விழுந்த இடத்தோடு கதையை முடித்துக்கொண்ட மேடைகள் பன்யனின் வாரிசுகள் அல்ல. அவை வேறொன்றின் வாரிசுகள். பல்பொடி விளம்பரத்தின் வாரிசுகள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

குடிக்கு வருவோம். இந்த மாவட்டத்தில் வேறெதற்கு வருவது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். நாங்கள் போன கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர் அச்சாவுகளை இரண்டு நிமிட எச்சரிக்கையாகப் பயன்படுத்திவிட்டு நகர்ந்தார். பாவத்தின் சம்பளம் என்பதற்கு மேல் அவருக்கு அதில் ஒன்றுமில்லை. ஆலைத் தேவைக்கான நஞ்சு ஒரு தெருவின் குடிப்பொருளாக எப்படி வந்து சேர்ந்தது, யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதெல்லாம் சாட்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை போலும்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் குடியை விட்ட கதையை மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகச் சொன்னார். நன்றாகச் சொல்வார். வண்டி அனுப்பி அழைத்துப் போனார்கள். நான்காம் ஆண்டில் தாயார் இறந்த வாரத்தில் மறுபடி குடித்தார். 'சாட்சியைக் கெடுத்துக்கொண்டான்' என்றார்கள். சபைகளில் வழங்கும் இத்தொடரை அறியாதவர்கள் அதைச் சற்று உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும். மனிதன் கெட்டான் என்றுகூட இல்லை. அவன் சொல்லிவந்த கதை கெட்டுவிட்டதாம். அதன்பிறகு அவரைத் தேடி ஒருவரும் வரவில்லை. மூன்று ஆண்டுகள் அவர் பேச்சைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அவரைப்போலவே தடுக்கி விழுந்து, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தார்களோ. அவர்களுக்கு மெய்யாகவே தேவைப்பட்ட சாட்சி அந்த நான்காம் ஆண்டுக்குரியது.

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம், ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் அனுபவப் பகிர்விலிருந்தே தன் வழிமுறையின் பெரும்பகுதியைப் பெற்றது. அங்கே 20 ஆண்டுகள் சொட்டுக்கூடத் தொடாதவரும் எழுந்து நின்று, நான் ஒரு குடிநோயாளி என்று நிகழ்காலத்தில்தான் தொடங்குகிறார். விழுந்தவர் திரும்பி வந்தால் நாற்காலி காத்திருக்கிறது. ஒரே விதையிலிருந்து முளைத்த இரண்டு மரங்களில் ஒன்று கனிந்தது எப்படி, மற்றது காய்ந்தது எப்படி என்று சபைத் தலைவர்கள் யோசிக்கலாம்.

இனி மலை. கல்வராயன் மலையைப் பற்றிச் சொல்லப்படும் ஊழியச் சாட்சிகளில் அடிக்கடி வரும் சொல் 'இருள்'. அம்மலையின் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாகக் கதை சொல்பவர்கள், கரியராமனை வணங்குபவர்கள். சமவெளியிலிருந்து ஏறிப் போய் இறங்கி வந்தவர்களின் சாட்சியில் இவையெல்லாம் பில்லி, சூனியம், பிசாசு என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலையடைந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தும் அங்கே ஜாகீர் நிலங்களில் கூலியில்லா உழைப்பு நடந்தது. நாங்கள் கேட்ட மலைச் சாட்சிகளில் பிசாசு எத்தனையோ முறை வந்துவிட்டது. ஜாகீர்தார் ஒருமுறைகூட வரவில்லை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற மக்களின் கதையை வேதமாகக் கொண்டவர்கள், பக்கத்து மலையின் அடிமைத்தனத்தைக் காணாமல் இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

சாதிக்கும் இதே கதிதான். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்துள்ள எறையூர், பழைய கத்தோலிக்கப் பங்கு. அங்குள்ள தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சாவு ஊர்வலம் பொதுத்தெருவில் போக முடியாததை எதிர்த்துத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தனர். ஒரே மாதாவின் முன் ஜெபமாலை உருட்டியவர்கள். கத்தோலிக்கத் தியானக் கூட்டங்களிலும் இப்போது சாட்சி சொல்கிறார்கள். 'இந்தத் தெருவில் என் தந்தையின் உடலைக் கொண்டுபோக விடவில்லை, இருந்தும் நான் விசுவாசத்தை விடவில்லை' என்று ஒருவர் சொல்லியோ, 'நான் வழிமறித்தேன், என்னை மன்னியுங்கள்' என்று இன்னொருவர் சொல்லியோ நாங்கள் கேட்டதில்லை. இரண்டாவதைவிடப் பெரிய அற்புத சாட்சி இந்த வட்டாரத்தில் இருக்க முடியுமா?

அந்தச் சாட்சி மேடையில் இடம் கிடைக்காமல் இலக்கியத்துக்குள் வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தபோது அதைத் தலித் தன்வரலாறு என்று வகைப்படுத்தி அலமாரியில் வைத்துவிட்டோம். துறவற மடத்துக்குள் சென்று, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறிய ஒரு பெண்ணின் கிறிஸ்தவச் சாட்சி அது என்பதைச் சபைகளும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. இதில் எங்களுக்கும் பங்குண்டு. சாட்சி என்றாலே இலக்கியத்துக்குப் புறம்பானது என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் சிற்றிதழ் மனப்பான்மை எங்களையும் பிடித்திருந்தது.

'மனம் தளர்ந்தவரை ஊக்கப்படுத்த வேண்டாமா? துயரத்தையே சொன்னால் யார் கேட்பார்?' என்ற பதில் வருமென்று தெரியும். பழைய பதில் அது. திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல், தம் ஊழியத்தின் தோல்விகளை மறைக்காமல் எழுதிய கையெழுத்துப்படி, மனத்தைத் தளர்த்துவதாக இருக்கிறதென்று இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. நடப்பை நடந்தபடி சொல்வது என்ற பொருளுடைய தலைப்பில் அது 1903இல் நூலாயிற்று. பலமுறை மறுபதிப்பும் கண்டது. இன்னும் பழைய சான்று வேண்டுமென்றால் பவுலடிகளிடம் போகலாம். தம் மாம்சத்தில் தைத்த முள்ளை எடுக்கும்படி மூன்று முறை வேண்டினார், எடுக்கப்படவில்லை. அதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவரே பதிவு செய்கிறார். கேட்டது கிடைக்காத அந்த ஜெபத்தைத்தான் இருபது நூற்றாண்டுகளாக நோயாளிகள் படுக்கையில் வாசித்து ஆறுதல் கொள்கிறார்கள். பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் விடாமல் எழுதிவைத்தன. அன்றைய சபை தன் தலைவரின் சாட்சி கெட்டுவிட்டதென்று அவரைக் கைவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மேடையில் சொல்லப்படாதவை போக, சொல்லவே முடியாதவையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியினர் அல்லர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை கிடையாது. ஆகவே மலைமேல் இருக்கும் மலையாளி ஞானஸ்நானம் பெற்றாலும் பழங்குடியாகவே நீடிக்கிறார். மலையடிவாரத்தில் இருக்கும் ஆதிதிராவிடர் சான்றிதழை இழக்கிறார். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மெய்யான நம்பிக்கையின்றிச் சலுகைக்காக மட்டும் இந்து என்று உரிமை கோருவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று கூறியது. அவர் பெற்ற ஞானஸ்நானம் அங்கே அவருக்கு எதிரான சான்றாக நின்றது. 'ஒளித்து வைத்துக்கொண்டு கும்பிடுகிறார்கள்' என்று நகைப்பவர்கள் இங்கே நம் வாசகரிடையேயும் உண்டு. ஒளிக்க வைத்தது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக ஒரு சிற்றூர் ஜெபவீட்டுக்குப் போய்வருகிறார். பதிவேட்டில் பெயர் இல்லை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். 'சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள்' என்று போதகர் அழைக்கும்போது அவர் செருப்பைத் தேடுகிற பாவனையில் எழுந்து வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்றுகொள்கிறார். பாட்டு தொடங்கிய பிறகுதான் உள்ளே வருகிறார்.