ஆற்றின் காட்சிக்கூடத்தில் கடைமடைக்கும் இடம் வேண்டும்

தஞ்சையில் மாபெரும் சோழர் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்படும் என்று 2023-24ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்ட அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அச்செய்தி கேட்டு மகிழாதார் இல்லை. செப்புத் திருமேனிகளும் கல்வெட்டுகளும் அங்கே தக்க இடம் பெறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பேரரசுக்குச் சோறளித்த காவிரிக்கு அங்கே எத்தகைய இடம் கிடைக்கும் என்பதே நமது கேள்வி. சுவரில் ஒரு வண்ணப்படம், அதனருகே கரிகாலனுக்கு ஒரு சிலை, கல்லணையின் நீள அகலங்களைக் கூறும் ஒரு பலகை என்ற அளவில் ஆற்றின் கதை முடிந்துவிடுமானால், அது ஆற்றை அறியாதார் எழுதிய கதையாகவே இருக்கும்.

சங்கங்களின் பேரேடுகளைப் பார்வையிடுவதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் என்ன அக்கறை என்று அங்கத்தினர் கேட்கலாம். ஆற்றின் வரலாறு பேரேட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதே நமது விடை. தண்ணீர் முந்தி வரும் தலைமடைச் சங்கத்தின் பேரேட்டையும், அது பிந்தி வரும் கடைமடைச் சங்கத்தின் பேரேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்கு, தவணை தவறிய கடன் வாய்க்காலின் எந்த முனையில் குவிகிறது என்பது விளங்கும். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் நாளில் திறக்கப்படவில்லை. அதனால் விளைந்த துன்பம் குறுவை வயலோடு நின்றுவிடவில்லை. நெல் வீடு சேராத ஆண்டில் கல்யாணங்கள் தள்ளிப்போகின்றன. கல்யாணம் தள்ளிப்போனால், தறியிலிருந்து இறங்கிய பட்டு சங்கத்து அலமாரியிலேயே தங்க நேர்கிறது. உழவரும் நெசவாளரும் ஒரே ஆற்றின் பிள்ளைகள் என்பதை இதைவிட எவ்வாறு உரைப்பது?

ஆகவே காவிரிக்கு வேண்டுவது, வருவோர் தம் கையால் இயக்கிப் பார்க்கத்தக்க ஒரு மாதிரி. மேல்முனையில் மேட்டூர் அணைக்கு ஈடாக அளவு குறித்த ஒரு தொட்டி இருக்கட்டும். மெய்யான அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதைத் தொட்டியின் மேலேயே எழுதி வைக்கலாம். அதற்குக் கீழே முக்கொம்பு. அதற்கும் கீழே கல்லணை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்கு வழிகள். ஒவ்வொன்றுக்கும் திருகி ஏற்றி இறக்கத்தக்க ஒரு மதகு. பாசனம் செய்யும் மூன்று வழிகளின் கடைசியிலும் சிறு சிறு பாத்திகள்.

தொட்டியின் நீர் மூன்று பாசன வழிகளுக்கும் ஒரே நேரத்தில் போதாதபடி அளந்து வைக்கப்படல் வேண்டும். ஒருவர் தம் மதகை முழுவதும் திறந்தால் மற்றவர் பாத்தி காயும். முறை வைத்துத் திறந்தாலன்றி எல்லாப் பாத்தியும் நனைய வழியிராது. பள்ளிப் பிள்ளைகள் மூவரை அங்கே நிறுத்தினால், முதலில் சண்டையிடுவர். பின்பு தாமே கூடிப் பேசி முறையை வகுத்துக்கொள்வர். கூட்டுறவுத் தத்துவத்தை விளக்க நாம் ஆண்டுதோறும் நிகழ்த்தும் சொற்பொழிவுகள் அனைத்தும் சேர்ந்தாலும் அந்தக் கால்மணி நேரப் பாடத்துக்கு ஈடாகா.

வெள்ளத்தையும் அங்கே காட்ட வேண்டும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகி ஓடியது. அம்மாதம் 22ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. அதே காலத்தில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று விவசாயிகள் முறையிட்டனர். வாய்க்கால் தூர்ந்திருக்குமானால், மேலே எவ்வளவு நீர் இருப்பினும் கீழே செல்லாது. இதை விளக்க, ஒரு வாய்க்காலில் மணலைக் கொட்டிப் பார்க்கவும், பின்பு அதை அள்ளி எடுத்துப் பார்க்கவும் வருவோர்க்கு இடமளித்தல் வேண்டும்.

நெசவுத் தொழிலுக்கும் அங்கே கசப்பானதொரு பாடம் உண்டு. காவிரியில் சேரும் நொய்யல் ஆறு திருப்பூர்ச் சாயக் கழிவால் கெட்டதன் காரணமாக, சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட நேர்ந்தது. மாதிரியின் மேல்முனையில் ஒரு துளிச் சாயத்தை விட்டு, அது எந்தப் பாத்தி வரை செல்கிறது என்று காட்டினால் போதும். தறியின் பெருமையைச் சொல்லிச் சாயத்தின் சிறுமையை மறைப்பது நேர்மையாகாது.

இது வெறும் விளையாட்டு என்று கூறுவார்க்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் குறுக்கே அணைகள் கட்டி நன்னீர் ஏரிகள் அமைக்க ஒரு திட்டம் கூறப்பட்டது. 1957இல் ராணுவப் பொறியாளர்கள் சாசலிட்டோ என்னும் ஊரில் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பில் அவ்வளைகுடாவின் மாதிரியைக் கட்டி நீர் விட்டுப் பார்த்தனர். திட்டம் பயன்தராது என்று அம்மாதிரியே காட்டிவிட்டது. பின்னாளில் அது பொதுமக்கள் பார்வைக்குரிய இடமாயிற்று. உண்மையாகக் கட்டிய மாதிரி எவருடைய முகத்துக்காகவும் பொய் சொல்லாது.

பழம்பெருமை பேச வேண்டிய இடத்தில் தண்ணீர்ச் சச்சரவு எதற்கு என்று சிலர் கேட்பர். அணை கட்டியவன் பெருமை, அந்த நீர் கடைசி வயலை அடைவதில்தான் நிறைவு பெறுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கெரியும் காட்சிப்பொருள்கள் சில மாதங்களில் பழுதாகி, அவற்றின்மேல் "தொடாதீர்" என்ற அட்டை தொங்குவதை நாம் சில ஊர்களில் கண்டிருக்கிறோம். ஆகையால் நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் செப்பனிடத்தக்க மரத்தாலும் இரும்பாலுமே மதகுகள் செய்யப்படட்டும். மதகுகளைக் காத்து வரும் லஸ்கர்களையும், முறைப்பாசனம் அறிந்த முதிய விவசாயிகளையும் கலந்துகொண்ட பின்னரே வரைபடம் போடப்படட்டும். ஆண்டுப் பராமரிப்புக்குரிய தொகை முதலிலேயே ஒதுக்கப்படட்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கது எளிது. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதுபற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம். அத்தீர்மானத்தில் ஒரு வரியை மறவாமல் சேர்க்குமாறு வேண்டுகிறோம்: காட்சிக்கூடத்தின் வாயில் கடலோர முனையில் அமைய வேண்டும். உள்ளே வருவோர் கடைமடைப் பாத்தியை முதலில் பார்க்கட்டும். அது நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று கண்ட பிறகு மேட்டூரை நோக்கி நடக்கட்டும்.