இளைக்கும் பதிவேடு

மற்ற பள்ளிகள் டிசம்பரில் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கும்போது, தில்லியின் கட்டட வேலைத்தளக் குழந்தைகள் காப்பகங்களில் வருகைப் பதிவேடு இளைத்துவிடுவதுண்டு. கட்டடம் முடிந்தால் குடும்பங்கள் கிளம்பிவிடும். 2024 நவம்பரைப் போல, காற்று மாசால் கட்டுமானத்துக்கே தடை வந்தால் கூலியும் நின்றுபோகும். பாதி எழுத்து கற்ற பிள்ளைகள் பெற்றோருடன் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

1969இல் ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சி வேலை நடந்தபோது, கூலிப் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு மீரா மகாதேவன் போட்ட கூடாரம்தான் ‘மொபைல் கிரெஷஸ்’ ஆயிற்று. தளம் மாறினால் காப்பகமும் மாறும். பெயரிலேயே இருக்கிறது.

50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது 1996ஆம் ஆண்டுச் சட்டம். பல தளங்களில் பெண்ணின் கூலி கணவன் கணக்கில்தான் ஏறும். ஏட்டில் எண்ணிக்கை 50ஐத் தொடுவதே கஷ்டமாக இருந்தது.