உயில் எழுதத் தயக்கம் ஏன்?

நீதிமன்றங்கள் தீர்ப்பளிக்கும், உத்தரவிடும், சில வேளைகளில் கண்டிக்கும். குடிமக்களிடம் வேண்டுகோள் விடுப்பது அரிது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செய்தது. பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைக்க வேண்டும் என்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு கேட்டுக்கொண்டது.

காரணம், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணுக்குக் கணவரும் பிள்ளைகளும் இல்லையெனில், அவர் உழைத்துச் சேர்த்த சொத்து முதலில் கணவரின் வாரிசுகளுக்குச் செல்லும். பெற்ற தாய் தந்தையருக்கு அதற்குப் பின்னரே இடம்.

இது ஏட்டளவிலான அநீதி அல்ல. திருமணமான மூன்றே மாதத்தில் கணவரைப் பாம்புக்கடியில் பறிகொடுத்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண், பிறந்த வீட்டில் தங்கிப் படித்து, வேலைக்குச் சென்று, வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பணம் சேர்த்தார். 1996இல் உயில் எழுதாமலேயே இறந்தார். அந்தப் பணத்தை ஆதரவளித்த பிறந்த வீட்டார் கேட்டனர். கணவருடைய சகோதரியின் பிள்ளைகளும் கேட்டனர். அனுதாபத்துக்காகச் சட்டத்தை வளைக்க இயலாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2009இல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இருந்திருந்தால் அந்தப் பணம் திசை மாறியிருக்காது.

ஆயினும் நம்மில் பெரும்பாலோர் உயில் எழுதுவதில்லை. அதற்குக் காரணங்களும் தயாராக இருக்கின்றன. சாவைப் பற்றி எழுதினால் சாவு வரும் என்பது ஒன்று. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தில் கையொப்பமிடும்போது இந்த அச்சம் எங்கே போகிறது என்று தெரியவில்லை! "என்னிடம் என்ன ஜமீனா இருக்கிறது?" என்பது மற்றொன்று. ஜமீனைப் பங்கு போடலாம். இரண்டு அறை வீட்டைப் பங்கு போடுவதுதான் கடினம்.

"என் பிள்ளைகள் அடித்துக்கொள்ள மாட்டார்கள்" என்பதும் அடிக்கடி கேட்பது. தொழிலதிபர் திருபாய் அம்பானி 2002இல் உயில் எழுதாமல் மறைந்தார். தாயார் முன்னிலையில் 2005இல் சொத்து பிரிந்தது. ஆனால் பிணக்கு தீரவில்லை. சகோதரர்களின் எரிவாயுத் தகராறு 2009இல் நாடாளுமன்றத்திலும் எதிரொலித்து, 2010இல் உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது.

இவற்றுள் ஓரளவு நியாயமுள்ளதாகத் தோன்றுவது, "எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு யார் என்னைக் கவனிப்பார்கள்?" என்ற முதியோரின் கவலை. ஆனால், இது உயிலையும் தானப் பத்திரத்தையும் குழப்பிக்கொள்வதால் எழுவது. தானமாக எழுதிக் கொடுத்தால் சொத்து உடனே கைமாறும். பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிடும் பிள்ளைகளிடமிருந்து அதை மீட்க 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உயிலோ எழுதியவர் இறந்த பிறகே உயிர் பெறும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை, செய்துகொள்வது நல்லது.

'நாமினி' பெயர் கொடுத்திருக்கிறேன், அதுவே போதும் என்று கருதுவோர் படித்தவர்களிடையே அதிகம். வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்க 2025இல் வழி பிறந்துள்ளது. ஆனால் அவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நிறுவனப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. வங்கிகளில் உரிமை கோரப்படாமல் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதியத்துக்கு மாற்றப்பட்ட தொகை 2024 மார்ச் நிலவரப்படி ரூ.78,213 கோடி என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

எல்லாம் சட்டப்படி போய்ச் சேர்ந்துவிடும் என்பவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். உயில் எழுதாத இந்து ஆண் இறந்தால், அவருடைய சொத்தில் தாய்க்கு மனைவி, மக்களோடு பங்கு உண்டு, தந்தைக்கு இல்லை.

இவற்றுள் ஒரு சாக்குக்கு அண்மைக்காலம் வரை அடிப்படை இருந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா மாநகரங்களில் இந்துக்களின் உயிலை நிலைநாட்ட நீதிமன்றத்தில் 'புரொபேட்' பெற்றாக வேண்டும் என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆவது பிரிவு கூறியது. செலவும் அலைச்சலும் மிகுந்த அந்த நடைமுறைக்கு அஞ்சியே பலர் ஒதுங்கினர். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. வரவேற்கத்தக்க முடிவு.

அதே நாடாளுமன்றம் 15ஆவது பிரிவில் மட்டும் ஏன் தயங்குகிறது? பெண்ணின் சுயசம்பாத்தியத்தில் பிறந்த வீட்டாருக்கும் பங்கு கிடைக்கும்படி அதைத் திருத்துமாறு சட்ட ஆணையம் தனது 207ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது 2008இல். அந்தப் பிரிவு செல்லுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றமும் 2025இல் விடையளிக்காமல் விட்டுவிட்டது. 213ஆவது பிரிவை ஒரே கூட்டத்தொடரில் நீக்க முடிந்த அரசு, அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான திருத்த மசோதாவைக் கொண்டுவர வேண்டும்.