எங்கே உட்காருவது?

மாட்டுங்காவில் 'ஐயர்' என்றால் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் தாராவியில் பழக்கமான அக்கா ஒருவர், "எங்க ஐயர் பிரசங்கம் நல்லா இருக்கும்" என்றபோது கொஞ்சம் முழித்தேன். தமிழ் புராட்டஸ்டன்ட்கள் தங்கள் போதகரை அப்படித்தான் அழைக்கிறார்கள். தமிழில் முதுகலை படித்தவனுக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது.

அக்கா லுத்தரன். பூர்வீகம் தரங்கம்பாடிப் பக்கம். அங்கே நடந்த ஒரு கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். கல்யாணம் திங்கள்கிழமை, முதல் நாள் புதிய எருசலேம் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனை. பழக்கமில்லாத கோயில் என்றாலே எனக்கு ஒரு பயம். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது? தாதரில் ரயில் ஏறியதிலிருந்து அக்காவைக் கேள்விகளால் துளைத்துவிட்டேன்.

உண்மையில் பயப்பட அதிகமில்லை. மணி அடித்து ஆராதனை தொடங்கும். பாவ அறிக்கை, வேத வாசிப்பு, விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை. சுவிசேஷம் வாசிக்கும்போது எழுந்து நிற்பார்கள். முன்வரிசைக்காரர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும். காணிக்கைப் பை வந்தால் விருப்பமிருந்தால் போடலாம்; இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம். செருப்பை விடுவதா வேண்டாமா என்பதை வாசலே சொல்லிவிடும்.

பாட்டுதான் விசேஷம். ஜெர்மன் மெட்டில் தமிழ் வார்த்தைகளை ஏற்றிய ஞானப்பாட்டும், நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனையும் ஒரே சபையில் புழங்குகின்றன. மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்டவன் என்பதால் சொல்கிறேன், முதல் வகையில் மெட்டுக்காகக் குறில் நெடிலாக நீளும்போது காது சுளிக்கிறது. இரண்டாவது வகை, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்றவர்கள் தந்த கொடை.

புதியவர் கவனமாக இருக்க வேண்டிய இடம் நற்கருணை. அப்பமும் திராட்சை ரசமும் வெறும் அடையாளம் என்று லுத்தரன்கள் சொல்வதில்லை. கிறிஸ்து அவற்றில் மெய்யாகவே இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே ஞானஸ்நானம் பெற்று, உபதேசம் கற்று, திடப்படுத்தப்பட்டவர்களே பீடத்தண்டை போவது வழக்கம். பிரசாதம் என்று நினைத்துக் கை நீட்டிவிடக் கூடாது. இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

"சரி, எங்கே உட்காரட்டும்?" என்றேன். அக்கா உடனே பதில் சொல்லவில்லை.

"நீங்க எங்கே வேணும்னாலும் உட்காரலாம், தம்பி. எங்க பாட்டிக்கு அப்படி இல்ல."

பாட்டியின் ஊர்க் கோயிலில் அவர்கள் ஜனத்துக்கென்று ஓர் ஓரம் இருந்ததாம். நற்கருணைக்கும் கடைசியில்தான் போக வேண்டுமாம்.

இது ஒரு பாட்டியின் கதை மட்டுமல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1718இல் சிலுவை வடிவில் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடுத்த வருடம் அடக்கமானார். அவர் தொடங்கிய மிஷனில் 18ஆம் நூற்றாண்டிலேயே சாதிக்கொரு இருக்கை என்ற வழக்கம் புகுந்துவிட்டது. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டபோது தஞ்சையிலும் சென்னையிலும் பலர் முறுக்கிக்கொண்டார்கள். சாதி விஷயத்தில் நெகிழ்ந்து கொடுத்த லைப்சிக் லுத்தரன் மிஷனுக்குப் பின்னாளில் பலர் மாறியும் போனார்கள். கீர்த்தனை தந்த அதே சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்காக எழுதி வாதாடியவர். அவர் பாட்டை ரசிக்கிற என்னைப் போன்றவர்கள் இதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போனோம். முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் கிரீடமும் முத்திரை எழுத்தும் இன்னும் இருக்கின்றன. கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டால் எல்லோரையும் பார்த்துச் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். அக்கா விடவில்லை. சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நேரே நடந்தார். முன்னாலிருந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

பார்த்துச் செய்ய எனக்கு ஒரே ஒரு வரிசைதான் மிச்சமிருந்தது.