இலையும் நினைவும்: பிசிமாவின் அடுக்களை

சென்ற திங்கள் இப்பகுதியில் வேப்பம்பூச் சாற்றைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த சகோதரி ஒருவர், "தாங்கள் கல்கத்தாவில் வளர்ந்தவர். வங்காளியரும் கசப்பை விரும்பி உண்பர் என்று கேள்விப்படுகிறேன். அவர்தம் சுக்தோவை எவ்வாறு சமைப்பது என்று எழுதலாகாதா?" என்று கேட்டிருக்கிறார். எழுதலாம். ஆயினும் சுக்தோவைப் பற்றி எழுத அமர்ந்தால் எனக்கு அளவும் பக்குவமும் முன்னே வருவதில்லை, பிசிமாதான் வருகிறார். அவரைச் சொல்லிவிட்டுச் சமையலுக்கு வருகிறேன். சகோதரியார் பொறுத்தருள வேண்டும்.

தெற்குக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்த காலம் அது. கறிவேப்பிலையும் வாழையிலையும் வறுத்தரைத்த காப்பித்தூளும் அங்கே குறைவின்றிக் கிடைக்கும். நாங்கள் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். மேல்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம். வீட்டுக்காரரின் தமக்கையார் 1950-ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்துப் பரிசாலிலிருந்து, மாற்றுப் புடவை ஒன்றும் ஒரு பித்தளைச் செம்புமாகத் தம்பியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். தந்தையுடன் பிறந்த அத்தையை வங்காளியர் பிசிமா என்பர். அவ்வீட்டுப் பிள்ளைகள் அழைத்ததைக் கேட்டு நாங்களும் அவரைப் பிசிமா என்றே அழைத்தோம்.

பிசிமா பதின்மூன்றாம் வயதில் கைம்பெண்ணானவர். அதனால் அவருக்கென்று மாடியின் மூலையில் தனி அடுக்களை ஒன்று இருந்தது. வீட்டின் பெரிய சமையலறையில் காலையும் மாலையும் மீன் பொரியும்; அந்த எண்ணெய்க் கரண்டி கூட இந்த மூலைக்கு வரலாகாது. மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு, மைசூர்ப் பருப்பு ஆகிய யாவும் அவருக்கு விலக்கு. புழுங்கலரிசியும் ஆகாது, பச்சரிசிச் சோறுதான், அதுவும் நாளுக்கு ஒரு வேளை. இத்தனை விலக்குகள் போக எஞ்சியவற்றைக் கொண்டு அப்பெருமாட்டி சமைத்ததைத்தான் நான் 'வங்காளச் சமையல்' என்று இன்றளவும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். மரக்கறி உணவினரான எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாய் வைக்கக்கூடியதாக அந்தக் கட்டிடத்தில் வேறொரு வங்காள அடுப்பும் இருக்கவில்லை.

என் அன்னையாருக்கும் பிசிமாவுக்கும் நல்ல நேசம். ஆனால் ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்டதில்லை. இருவரும் ஆசாரத்தில் சளைத்தவர்கள் அல்லர். பங்கீட்டு அரிசியில் புழுங்கல் வந்தால் அதை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பச்சரிசியைத் தம்முள் பகிர்ந்துகொள்வர். வாழைப்பூவும் வாழைத்தண்டும் முருங்கைக்காயும் மாடிப்படியில் ஏறும், இறங்கும். எல்லாம் வேகாத காய்களே. வெந்த பண்டம் போவதும் வருவதும் என் வயிற்றின் வழியாக மட்டுமே நிகழ்ந்தது. எட்டு வயதுச் சிறுவனுக்கு ஆசாரம் ஏது?

அந்த அடுக்களையில் நான் உண்டவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, வாழைப்பூக் கண்டோ. நரம்பைக் கிள்ளும் வேலை நம்முடையதேதான். விரல் கறுப்பதும் அதேதான். ஆனால் நாம் பருப்பு உசிலிக்குப் போகும் இடத்தில் அவர்கள் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்த்து, சீரகத்தில் தாளித்து, ஏலமும் பட்டையும் நெய்யுமாக இறக்குவர். மற்றொன்று, போஸ்தோ. நாம் குருமாவுக்குச் சிட்டிகையளவு அரைக்கும் கசகசாவை அவர்கள் கைப்பிடி கைப்பிடியாக அம்மியில் அரைத்து உருளைக்கிழங்கின்மேல் பூசிவிடுகிறார்கள். பிசிமா அரைத்து முடித்து அம்மியைக் கழுவிய நீரையும் வீணாக்காமல் சட்டியில் ஊற்றுவார். அரசின் உரிமம் பெற்றோர் மட்டுமே பயிரிடக்கூடிய செடியின் விதை அது. இன்று கிலோ ஆயிரம் ரூபாய்க்கும் மேல் விற்கிறது. ஏழைக் கைம்பெண்ணின் குழம்பு இன்று செல்வர் வீட்டு விருந்தாகிவிட்டது.

கடைத்தெரு இனிப்புகளைப் பற்றி நான் மிகுதியாக ஏங்குவதில்லை. ரசகுல்லா யாருடையது என்று வங்கமும் ஒடிசாவும் வழக்காடி, 2017-இல் இவர்களும் 2019-இல் அவர்களும் தத்தம் வகைக்குப் புவிசார் குறியீடு பெற்றுக்கொண்டார்கள். இரு சாராருக்கும் மகிழ்ச்சி. 1965-இல் பால் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, திரித்த பாலாகிய சானாவில் இனிப்புச் செய்யக்கூடாது என்று மேற்கு வங்க அரசே தடை விதித்தது. ஊரெல்லாம் ஏதோ துக்கம் விழுந்ததைப் போல் இருந்தது. பிசிமாவின் மூலை அடுப்புக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அவர் கைக்கு வந்தது குளிர்காலத்து ஈச்சவெல்லம் ஒன்றுதான்.

அவ்வெல்லத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும். எங்கள் பாட்டியார் திருநெல்வேலிச் சீமை. 1963-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு எங்களுடன் தங்க வந்திருந்தார். பாட்டியாரும் முடி களைந்து நார்மடி உடுத்தவர். பிசிமா பிரித்த ஓலைப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "கருப்பட்டி வாசனைன்னா வரது!" என்று வியந்தார். முற்றும் அது அன்று. நம் பனையில் பாளையைச் சீவுகிறார்கள், அதுவும் வெயிற்காலத்தில். வங்கத்தில் ஈச்சமரத்தின் உச்சிக்குக் கீழே தண்டையே செதுக்கி, குளிர் இறங்கும் இரவில் கலயம் கட்டி, பொழுது புலருமுன் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். குளிர் குறைந்தால் மணமும் குறைந்துவிடும்.

நமக்குப் பொங்கல் நாளே அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. கீழே வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல். மேலே புத்தரிசி மாவிலும் ஈச்சவெல்லத்திலும் தேங்காயிலும் பலவகைப் பிட்டேக்கள். அவற்றுள் மெல்லிய தோசை போல் வார்த்துப் பூரணம் வைத்துச் சுருட்டும் வகைக்குப் பாட்டிசாப்டா என்று பெயர். கேட்க வேண்டுமா! "பாட்டி சாப்ட்டா! பாட்டி சாப்ட்டா!" என்று கூவிக்கொண்டு நானும் தங்கையும் மாடிப்படியில் ஓடினோம். பாட்டியார் சிரித்தார், ஆனால் சாப்பிடவில்லை. பிசிமாவுக்கு வேடிக்கை புரியவில்லை. நான் என் அரைகுறை வங்காளியில் விளக்கியதும் அவரும் சிரித்தார். பாட்டியாரின் தலையையும் புடவையையும் ஒரு முறை பார்த்தார். பிறகு தட்டை என்னிடமே நீட்டினார்.

அன்றுமுதல் இரு மூதாட்டியரும் மொட்டை மாடியில் ஒன்றாக அமரலாயினர். ஒரு பக்கம் பாட்டியாரின் கூழ் வடாம். மறு பக்கம் பிசிமாவின் பருப்பு வடகமாகிய போரி. ஒருவர் தமிழ், மற்றவர் பரிசால் வங்காளி. காக்கையை விரட்ட மொழி தேவையில்லை.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நண்பகல். வெயிலில் பந்தாடிவிட்டு, பசியோடு மேலே ஏறினேன். மூலை அடுப்பு அணைந்து கிடந்தது. பிசிமா வெறுந்தரையில் படுத்திருந்தார். "பிசிமா, பசிக்கிறது" என்றேன். எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அப்போது அது என் கருத்தில் படவில்லை. மாவு பிசைந்து, வெள்ளைவெளேரென்று லூச்சிகள் பொரித்து, தேங்காய்ச் சில்லுகள் போட்ட கடலைப்பருப்புடன் வைத்தார். உண்டு கொண்டிருக்கையில், அவர் ஒன்றும் உண்ணவில்லையே என்று தோன்றியது. ஒரு துண்டு லூச்சியை அவர் வாயருகே நீட்டினேன். நெருப்புப் பட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் எச்சில் கை, தண்ணீராவது குடியுங்கள்" என்று செம்பை எடுத்தேன். அதற்கும் கையை அசைத்து விலகினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் எங்களை 'மத்ராஜி' என்று ஏளனம் செய்வதுண்டு. பிசிமாவும் அப்படித்தான் எண்ணுகிறார் போலும் என்று உள்ளம் கசந்து கீழே இறங்கிவிட்டேன். கையைக் கூடக் கழுவவில்லை. "கோகா, கோகா" என்று அவர் படியின் தலைப்பில் நின்று அழைத்தது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை பாட்டியாரிடம் முறையிட்டேன். அவர் விரலை மடக்கித் திதியை எண்ணினார். "இன்னிக்கு ஏகாதசிடா. அதுவும் நிர்ஜலம். இந்த ஊர்ல கைம்பெண்களுக்குப் பச்சைத் தண்ணிகூடக் கூடாதாம்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்காவது தீர்த்தம் உண்டு" என்றார்.

வித்தியாசாகரின் முயற்சியால் 1856-இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்த நகரம் அது. நூறாண்டும் கடந்து ஏழாண்டு ஆகியிருந்தது. மின்விசிறி கூட இல்லாத மாடி மூலையில், ஆனி வெயிலில், நாவில் ஒரு சொட்டு நீரின்றிக் கிடந்தவரை எழுப்பி அடுப்பு மூட்ட வைத்திருக்கிறேன். லூச்சி எட்டு. எண்ணித் தின்றது நினைவிருக்கிறது.

மறுநாள் துவாதசி. பொழுது விடியுமுன் பாட்டியார் என் தந்தையாரை எழுப்பி, தெருமுனையில் இரண்டு இளநீர் வாங்கிவரச் சொன்னார். ஒன்று தமக்கு; ஒன்றை என் கையில் கொடுத்தார். இளநீர் யாரும் சமைத்ததன்று. எந்த ஆசாரமும் அதைத் தடுக்காது. நான் வெட்கத்தோடு மேலே கொண்டுபோனேன். பிசிமா குளித்துவிட்டு ஈரப் புடவையுடன் நின்றிருந்தார். வாங்கிக்கொண்டு, கீழே பாட்டியார் இருக்கும் திசை நோக்கிக் கை குவித்தார். அதன்பின் என் தலையில் அந்தக் குளிர்ந்த கையை வைத்தார். பாட்டியார் ஊர் திரும்பிய பிறகும், நாங்கள் அவ்வீட்டை விட்டுப் பெயரும் வரை, ஒவ்வொரு துவாதசிக்கும் அன்னையார் இளநீர் அனுப்பத் தவறியதில்லை.

இப்போது நான் வசிக்கும் தில்லியில், சித்தரஞ்சன் பூங்கா அங்காடிக்குக் குளிர்காலத்தில் சென்றால் ஈச்சவெல்லம் கிடைக்கிறது. உணவகங்களில் வாழைப்பூக் கண்டோவும் உண்டு. பலவற்றில் இறால் சேர்த்திருப்பார்கள். அது அவர்கள் விருப்பம். போஸ்தோவை வீட்டில் மின்னரவையில் அரைத்துப் பார்த்தேன். வழவழப்பு வந்தது, சுவை வரவில்லை. பிசிமாவின் கைப்பக்குவத்துக்கு ஏங்கும் போதெல்லாம், அந்தப் பக்குவம் எதனால் வந்தது என்பதும் உடன் எழுகிறது. விலக்கப்பட்டவர்கள் ஆக்கிய சுவையை விலக்கில்லாத நான் நயந்து பேசுகிறேன். இருந்தும் ஏக்கம் குறைந்தபாடில்லை.

சகோதரியாருக்கு இனி விடை. பாகற்காயை மெல்லியதாக அரிந்து கடுகெண்ணெயில் வறுத்துத் தனியே வையுங்கள். நாலைந்து வடகத்தையும் அவ்வாறே வறுத்தெடுங்கள். வாழைக்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை விரல் நீளம் நறுக்குங்கள். எண்ணெயில் பிரிஞ்சி இலையும் ஐந்து தாளிப்பும் இடுங்கள்: சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், கடுகு. கடுகுக்கு மாற்றாக ஓமம் போன்ற தோற்றமுடைய ராந்துனி கிடைத்தால் இன்னும் நன்று. காய்களை வதக்கி, இஞ்சியும் சிறிது கடுகும் அரைத்து விட்டு, நீரும் உப்பும் சேர்த்து வேகவிடுங்கள். வெந்ததும் பாகற்காயையும் வடகத்தையும் சேர்த்து, அரை ஆழாக்குப் பால், சிட்டிகை சர்க்கரை, ஒரு கரண்டி நெய் விட்டு இறக்குங்கள். பிசிமா மஞ்சளும் மிளகாயும் சேர்க்கமாட்டார். நண்பகல் உணவில் முதற் சோற்றுக்கு இதைப் பிசைந்து உண்ண வேண்டும். இரவில் மட்டும் பரிமாற வேண்டா. வங்காளியர் அண்டை வீட்டிலிருந்தால் சிரிப்பார்கள்.